முதல் கியரில் நின்ற வண்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், அந்த இரண்டு தங்கைகளுக்கும்,

உங்கள் மேலாளர் போன தீபாவளியிலிருந்து என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறார். "புதுப் பசங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணா" என்கிறார். ஓய்வு பெற்றவன் சும்மா உட்கார்ந்திருப்பது யாருக்கும் பொறுக்காது போலிருக்கிறது. மேனாம்பேட்டில் என் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள்ளேயே முட்டி இரண்டும் கெஞ்சுகின்றன. பேனா பிடித்தால் விரல் மரத்துப்போகிறது. இத்தனை வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்கு இதுவே அதிகம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதை எப்படிக் கழற்றுவது, எதை எப்படி மாட்டுவது என்று நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கையிலிருக்கும் போனிலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைவிட அதற்கு நன்றாகவே தெரியும். நான் சொல்ல நினைப்பது வேறு. அம்பத்தூர் பட்டறையில் இருந்தவரை வண்டி நம்மிடம் தனியாக வரும். ஏதோ ஒரு வண்டி, ஏதோ ஒரு பழுது, அவ்வளவுதான். வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பிரிவுக்கு மாறிய பிறகுதான் எனக்குத் தலைவலி பிடித்தது. அங்கே வண்டியைச் சுற்றி ஒரு வீடு இருக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை இருக்கும், பக்கத்து வீட்டுப் பகை இருக்கும், பால்கனியில் நின்று யோசனை சொல்கிற மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார். பானட்டைத் திறந்தால் அதெல்லாம் சேர்ந்துதான் திறக்கும். நமக்கு அதில் ஒரு பாத்தியதையும் கிடையாது, ஆனால் நடுவில் நிற்பது நாம்தான்.

திருவேற்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கோயிலைத் தாண்டி உள்ளே போனால், நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனவே, அந்த மாதிரி ஒன்று. கட்டியவர் வீட்டை எண்ணி விற்றார், வண்டி நிறுத்தும் இடத்தை எண்ணவில்லை. கீழ்த்தளத்தில் பாதி வண்டிகளுக்குத்தான் இடம். மீதி வண்டிகள் குறுக்கே நிற்கும். அப்படி நிறுத்துகிறவர்கள் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். காலையில் உள்ளே இருக்கிற வண்டி வெளியே போக வேண்டுமானால் வாட்ச்மேன் குறுக்கே நிற்பதைத் தள்ளி வழிவிடுவார். நீங்கள் போகிற பாதி குடியிருப்புகளில் இதுதான் வழக்கம், பார்த்திருப்பீர்கள்.

கேட்டுக்கு உள்ளே, கேட்டை நோக்கிச் சரிவாக ஒரு இடம் இருந்தது. அதில் நிற்கிற வண்டியை மட்டும் கியரில் போட்டு, செங்கல்லும் வைத்துவிட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் போட மாட்டார்கள். மழைக்காலத்தில் போட்டு வைத்தால் ஒட்டிக்கொண்டு எடுக்க வராது என்று நாமே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோமே. அவர்கள் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது ஒரு சனிக்கிழமை காலை. "கியர் குச்சி லொடலொடவென்று ஆடுகிறது, மதியத்துக்குள் சரிசெய்ய வேண்டும், ரொம்ப அவசரம்" என்று பதிவாகியிருந்தது. சனி, ஞாயிறில் எல்லோருக்கும் அவசரம்தான் என்று அலுத்துக்கொண்டே போனேன். விடாமல் பெய்த மழை அன்றைக்குத்தான் ஓய்ந்திருந்தது. தெருவெல்லாம் சேறு. கேட்டின் ஒரு பக்கக் கதவு கோணிக்கொண்டு நின்றது. சரிவு முடிகிற சமதரையில், கேட் தூணை ஒட்டியே நான் பார்க்க வந்த வண்டி நின்றது. அதன் பின்பக்கம் தூணில் உரசி நசுங்கியிருந்தது. கியர் ஆடுகிறது என்று கூப்பிட்டவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூப்பிட்டவர் பெயர் ராஜபாண்டி. கோவில்பட்டிப் பக்கம். இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அந்தக் குடியிருப்பில் வாடகைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முப்பதைத் தொட்டிருக்க மாட்டார். முகத்தில் தூக்கமில்லை.

"அண்ணே, கொஞ்சம் வெரசா பாருங்கண்ணே. புது புஷ் வாங்கியே வச்சிருக்கேன். மாட்டுனா போதும்" என்றார்.

என்ன போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கியர் குச்சியின் அசைவைக் கீழே கியர் பெட்டிக்குக் கொண்டுபோகிற கேபிள் இருக்கிறது அல்லவா, அதன் நுனியைப் பெட்டியோடு பிடித்து வைத்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் வளையம்தான் புஷ், அது பொடிந்துவிட்டால் குச்சி கொழகொழவென்று ஆடும். அதைத்தான் வாங்கி வைத்திருந்தார். வேலை சின்ன வேலை. மாட்டிவிட்டு ஆவடிக்குப் போய்விடலாம், அங்கே சேக்காட்டில் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ராஜபாண்டியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் எடுத்துவர மேலே போனார்.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒருவர் பெட்ஷீட்டில் துணிமணிகளை வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வாட்ச்மேன். தசரதன் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். மோட்டார் அறையை ஒட்டி இருந்த தகரக் கொட்டகைதான் அவருக்கு வீடு.

"ஊருக்கா?" என்று கேட்டேன், சும்மா பேச்சுக்கு.

"ஊரு இன்னா ஊரு அண்ணாத்தே. பொறந்ததே பூந்தமல்லி. போவ சொல்லிட்டாங்கோ. சாங்காலம் மீட்டிங் போட்டு வேற ஆள வெக்கறாங்களாம்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். முந்தின நாள் காலை சரிவில் முட்டுக் கல்லை ஒட்டி மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அதைப் பெருக்கித் தள்ளுவதற்கு, ராஜபாண்டியின் வண்டிக்கு முட்டாக வைத்திருந்த செங்கல்லை எடுத்திருக்கிறார். கியரில்தான் நிற்கிறது, கல் வேண்டாம் என்றுதான் எடுத்தார். எடுத்த கொஞ்ச நேரத்தில் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. கேட்டுக்கு வெளியே பள்ளி வேனுக்காகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வண்டி கேட் கதவில் மோதி, தூணில் உரசி நின்றது. பிள்ளைகளில் யாருக்கும் அடி இல்லை. ஆனால் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மகள் பயந்து பின்னால் சாய்ந்து சேற்றில் விழுந்துவிட்டாள்.

"நான் கண்ணாடி வழியா உள்ள எட்டிப் பாத்துக்கினுதான் கல்ல எடுத்தேன். குச்சி முன்னால சாஞ்சு ஃபஸ்ட் கியர்ல கீது. தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? அத்தச் சொன்னா, கியர்ல கீற வண்டி தானா உருளுமாடான்னு கேக்கறாங்கோ. சாவி எங்கிட்ட கீதாம், நாந்தான் தொறந்து கியர எடுத்து உட்டுட்டு, உருண்டதும் பயந்து மறுபடியும் போட்டுட்டேனாம்."

சொல்லிவிட்டு மூட்டையின் முடிச்சை இறுக்கினார். அவர்கள் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. குச்சி முதல் கியரில் நிற்கிறது. கியரில் போட்டேன் என்று வண்டிக்காரர் சொல்கிறார். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. வண்டி உருண்டிருக்கிறது. வேறு யாரைச் சொல்வார்கள்?

நான் போய் வண்டிக்குள் கையை விட்டுக் குச்சியைத் தொட்டேன். எந்தப் பிடிமானமும் இல்லாமல் இங்கும் அங்கும் போனது. அதை முதல் கியரிலேயே மறுபடி வைத்துவிட்டு பானட்டைத் திறந்தேன். கேபிள் நுனி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சேர்த்துக் கட்டியிருந்த, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் அறுந்து பக்கத்தில் கிடந்தது. அதாவது வண்டிக்காரர் நிறுத்திவிட்டுக் குச்சியை முதல் கியருக்குத் தள்ளியிருக்கிறார், அப்போது டேக் அறுந்திருக்கிறது. மேலே குச்சி கியரில் நின்றது, கீழே பெட்டி நியூட்ரலிலேயே இருந்தது. அந்தச் செங்கல் ஒன்றுதான் இரவு முழுக்க வண்டியைப் பிடித்திருந்தது.

தண்ணீர் சொம்போடு ராஜபாண்டி வந்தார். நான் காட்டுவதற்கு முன்பே அவர் பார்வை அந்த டேக்கில் போய் நின்றுவிட்டது.

"இதைக் கட்டினது யாரு தம்பி?"

"நான்தாண்ணே. ரெண்டு வாரமா ஆட்டம் ஆடுச்சு. வீடியோ பாத்துக் கட்டினேன். அதுல நல்லா நின்னுச்சுண்ணே."

"நேத்து இவங்க எல்லாரும் வாட்ச்மேனைக் கேட்டப்ப இதைச் சொன்னீங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம் தணிந்த குரலில், "நான் பொய் சொல்லலண்ணே. கியர்ல போட்டேன்னுதான் சொன்னேன். போடத்தான செஞ்சேன்?" என்றார்.

"பொய் சொல்லல தம்பி. பாதியைச் சொல்லியிருக்கீங்க."

"இப்ப போய்ச் சொன்னா என்னைய விடுவாங்களாண்ணே? செயலாளர் பிள்ளை கீழ விழுந்திருக்கு. தெரிஞ்சே இப்படி வண்டிய கொண்டாந்து நிறுத்துனியான்னு கேப்பாங்க. வாடகைக்கு இருக்கறவன். வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, ஒரு போன் போட்டாங்கன்னா காலி பண்ணச் சொல்லிருவாரு. மாட்டிருங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

அவர் கெட்டவர் இல்லை. அதை நான் அடித்துச் சொல்வேன். பயந்தவர். பயந்தவர் மேல் எனக்கு எப்போதும் கோபம் வராது, சலிப்புத்தான் வரும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். நம்மைக் கூப்பிட்டவர் அவர். அவர் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வது நம் வேலை கிடையாது, அப்படிச் சொல்லித் திரிந்தால் நம்மை யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். ஆனால் அந்த புஷ்ஷை நான் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? குச்சி கிண்ணென்று நிற்கும். சாயங்காலம் கூட்டத்தில் யாராவது வண்டியைப் பார்த்தால்கூட எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தசரதன் மூட்டையோடு போய்விடுவார், கொட்டகையும் போய்விடும். பழுதைச் சரிசெய்கிறபோது பழுது இருந்ததற்கான சாட்சியையும் சேர்த்தே அழித்துவிடுகிறோம். பட்டறையில் இருந்தவரை இது எனக்கு உறைத்ததே இல்லை.

நான் பானட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு பெயிண்ட் வாளியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னண்ணே?"

"முட்டி வலிக்குது தம்பி. கொஞ்சம் உக்காந்துட்டு மாட்டறேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற ஆளக் கூப்பிடவாண்ணே?" என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை, கெஞ்சலாகத்தான் கேட்டார். கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிடவில்லை.

போன் அடித்தது. நம் அலுவலகத்திலிருந்து அந்தப் பெண். "அண்ணா, திருவேற்காடு இன்னும் முடியலையா? சேக்காடு கஸ்டமர் கத்தறாரு." ஒரு சின்னச் சிக்கல் என்றேன். "புஷ்தானேண்ணா?" என்றாள். ஆமாம், புஷ்தான் என்றேன். வேறென்ன சொல்வது? வேலை செய்யாமல் வாளியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? என் உத்தியோகத்தில் இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றை நான் செய்ததில்லை. கை பரபரக்கிறது. புஷ் எதிரே இருக்கிறது. ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. பால்கனியிலிருந்து ஒருவர் "என்னப்பா, சும்மா உக்காந்திருக்க, சாமான் வரலையா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

தசரதன் மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து சரிவைப் பெருக்க ஆரம்பித்தார். போகச் சொல்லிவிட்ட பிறகும் அந்த மனுஷன் பெருக்கினார். ராஜபாண்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது செயலாளரே கீழே இறங்கி வந்தார். மூக்குக்கண்ணாடி, வீட்டு லுங்கி, கையில் பால் பாக்கெட் வாங்கும் பை. பிள்ளையைப் பெற்றவர், கோபம் இன்னும் தணியவில்லை. தசரதன் பக்கம் திரும்பாமல் நேரே என்னிடம் வந்தார்.

"என்ன மெக்கானிக், வண்டி உருண்டதுல எதாவது அடிபட்டிருக்கா?"

நான் ராஜபாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கு இப்போது சத்தியம் செய்ய முடியாது. சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நினைப்பது சுலபம்.

"சார், இங்க வாங்க. இதப் பாருங்க" என்றார் ராஜபாண்டி. அவரே குனிந்து, அறுந்த டேக்கை எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். குச்சி ரெண்டு வாரமாக ஆடியது, தானே கட்டியது, அது அறுந்தது, எல்லாவற்றையும் சொன்னார். பிறகு செயலாளரை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, குச்சியை முதல் கியரிலேயே வைத்துவிட்டு, "தள்ளிப் பாருங்க சார்" என்றார். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நான் கல் வைத்துக்கொண்டேன், இடைவெளி விட்டுத்தான். செயலாளர் ஒரு கையால் தள்ளினார். கியரில் நிற்கிற வண்டி வழுக்கிக்கொண்டு போய்க் கல்லில் முட்டி நின்றது.

செயலாளர் குனிந்து குச்சியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு ராஜபாண்டியை ஒரு பிடி பிடித்தார். "தெரிஞ்சுகிட்டே ஏன்யா இங்க நிறுத்துன? எம்பொண்ணு மேல ஏறியிருந்தா?" என்று கத்தினார். ராஜபாண்டி தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டார். நியாயமான கத்தல்தான், நான் இடையில் போகவில்லை. மூச்சு வாங்கி அடங்கிய பிறகு செயலாளர் தசரதன் பக்கம் திரும்பி, "சரி, நீ இரு. மூட்டையை உள்ளே வை" என்றார். அவ்வளவுதான். தெரியாமல் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. போனில் எதையோ தட்டிவிட்டு, பால் வாங்கப் போய்விட்டார்.

நான் எழுந்து புஷ்ஷை மாட்டினேன். ஒரு அழுத்து, டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டு நான் சந்தோஷப்படாத ஒரே நாள் அதுதான். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

என் பையை என் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தபோது தசரதன் வந்தார். என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன். ராஜபாண்டியிடம் போனார்.

"சார், செயலாளர் வாட்சப் குரூப்ல இன்னா போட்டாரு? எனக்குப் படிச்சுக் காட்டு சார்."

ராஜபாண்டி போனைப் பார்த்துப் படித்தார். "கார் கியர் பழுது சரிசெய்யப்பட்டது. இன்றைய கூட்டம் ரத்து. நன்றி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணே."

"நேத்து எம் பேரப் போட்டு, போட்டோவும் போட்டாங்களே சார். வாட்ச்மேன் தசரதன் வண்டிய உருட்டி உட்டுட்டான், பசங்க பொழச்சது பெரிய விஷயம்னு போட்டு, நாலு மாடியும் எறங்கி வந்து என்னைக் கேட்டுச்சே. இப்போ எம் பேரு இல்லையா?"

ராஜபாண்டி என்னைப் பார்த்தார். இதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை. அவர் வண்டியிலேயே சாய்ந்து நின்று தட்ட ஆரம்பித்தார். தட்டினார், அழித்தார், திரும்பத் தட்டினார். கடைசியில் தசரதனுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். "வண்டி உருண்டதற்கும் வாட்ச்மேன் தசரதனுக்கும் சம்பந்தம் இல்லை. என் வண்டியின் கியர் கழன்றிருந்தது. அது ஆடுவது எனக்கு முன்பே தெரியும். நேற்று நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். தவறு என்னுடையது." படித்துவிட்டு, "போடவாண்ணே?" என்று அவரிடமே கேட்டார்.

தசரதன் கொஞ்சம் யோசித்தார். கையில் இருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இனிஷியலோட போடு சார். கோ. தசரதன்."